சர்வே பண்ணப் போறீங்களா? கேள்வித்தாள் எழுதறதும் நேர்காணல் எடுக்கறதும் எப்படி

ப்ராஜெக்ட்டுக்கு சர்வே பண்றேன்னு யாராவது வந்தா நான் முதல்ல கேக்கறது ஃபார்ம அனுப்பிட்டீங்களா, இன்னும் அனுப்பலயான்னுதான். அனுப்பலன்னா நிம்மதி, ஏன்னா எல்லாத்தையும் இன்னும் சரி பண்ணலாம். அனுப்பி முந்நூறு பதில் வந்தாச்சு, இப்ப இத வச்சு என்ன அனாலிசிஸ் பண்றதுன்னு கேட்டா அங்க நான் உதவ முடியறது ரொம்ப கம்மி. கேள்வி கோணலா இருந்தா அதுக்கு வந்த பதில எந்த சாஃப்ட்வேர்ல போட்டாலும் நிமித்த முடியாது.

இத நான் அனுபவப்பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நான் பண்ணின முதல் சர்வேல "தினமும் எவ்வளவு நேரம் போன் யூஸ் பண்றீங்க"ன்னு ஒரு கேள்வி வச்சிருந்தேன், பாக்க ரொம்ப சாதாரணமான கேள்வி. 240 ஃபார்ம் திரும்பி வந்தப்பறம் சும்மா நாலஞ்சு பேர்கிட்ட பேசிப் பாத்தா ஒருத்தர் கால் பேசற நேரத்த மட்டும் எழுதியிருக்கார், இன்னொருத்தர் பாட்டு ஓடிட்டே இருக்கறதையும் சேத்து பத்து மணி நேரம்னு போட்டிருக்கார், வேற ஒருத்தர் ஆபீஸ் வேலைக்கு பாக்கறத கணக்குல எடுக்கவே இல்ல. ஒரே கேள்விக்கு மூணு பேரும் மூணு வேற கேள்விக்கான பதில எழுதியிருக்காங்க. அவங்க யார்மேலயும் தப்பு கிடையாது, கேட்டது நான். அந்த கேள்வியோட பதில் முழுசையும் ஒதுக்கிட்டேன், அதுலேந்து சர்வேல பதில் சரியில்லன்னா முதல்ல கேள்வியத்தான் சந்தேகப்படறது.

அதனால ஃபார்ம் பக்கமே போகாம ஒரு தாள்ல உங்களுக்கு என்ன தெரியணும்னு ஒரே வாக்கியத்துல எழுதுங்க. "மாணவர்களும் தூக்கமும்"னு தலைப்பு மாதிரி எழுதினா பத்தாது. "படுக்கறதுக்கு முந்தின ஒரு மணி நேரம் போன் பாக்கற மாணவர்கள், பாக்காதவங்கள விட குறைவா தூங்கறாங்களா" இந்த மாதிரி பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வியா இருக்கணும். அப்பறம் உங்க ரிப்போர்ட்ல கடைசியா வரப்போற டேபிள இப்பவே காலியா வரைஞ்சு பாருங்க, பக்கவாட்டுல போன் பாத்த நிமிஷம், மேல தூங்கின மணி நேரம், உள்ள எல்லாம் வெறும் கட்டம். அந்த கட்டத்த நிரப்ப என்னென்ன தெரியணுமோ அதுக்கு மட்டும் கேள்வி எழுதினா போதும். எந்த டேபிளுக்கும் போகாத கேள்விய தயவு தாட்சண்யம் பாக்காம தூக்கிடுங்க. "இருக்கட்டுமே, அப்பறம் உதவும்"னு சேக்கற கேள்விதான் பன்னெண்டு கேள்விய அறுபது ஆக்குது, அந்த அறுபதுக்கும் உக்காந்து பதில் சொல்றது வேற ஒருத்தர்.

கேள்வித்தாளா, நேர்காணலா?

எத்தன பேர், எவ்வளவு, யாருக்கு அதிகம் யாருக்கு கம்மி, இதெல்லாம் தெரியணும்னா கேள்வித்தாள். எப்படி நடக்குது, அவங்க மனசுல அதுக்கு என்ன அர்த்தம், இத சொல்ல அவங்க என்ன வார்த்தை பயன்படுத்தறாங்க, இதெல்லாம் தெரியணும்னா நேர்காணல். ஒரு விஷயம் பத்தி உங்களுக்கே சரியா தெரியாதப்ப நேரா கேள்வித்தாள் எழுத உக்காந்தா நீங்க கற்பனை பண்ணின ஆப்ஷன்கள்தான் அதுல இருக்கும், பதில் சொல்றவங்களோட நிஜமான பதில் அந்த நாலு ஆப்ஷன்லயும் இருக்காது, அவங்களும் கிட்டத்தட்ட பொருந்தற ஒண்ண டிக் பண்ணிட்டு போயிடுவாங்க, உங்களுக்கு கடைசி வரைக்கும் விஷயமே தெரிய வராது. அதனால முடிஞ்சா முதல்ல எட்டு பத்து பேர்கிட்ட நேர்காணல், அதுல கிடைச்ச வார்த்தைகள வச்சு கேள்வித்தாள், வந்த நம்பர்ல ஏதாவது புரியலன்னா திரும்ப ரெண்டு மூணு பேர்கிட்ட பேச்சு. என்ன கேட்டா இந்த வரிசைதான் நல்லது, நேரம் பத்தாட்டி நடுவுல இருக்கறத சின்னதாக்குங்க, முதல்ல இருக்கற பேச்ச விட்டுடாதீங்க.

எந்த வழியா கேக்கறீங்கங்கறதும் பதில மாத்தும். ஆன்லைன் ஃபார்ம் செலவு கம்மி, வேகம், டேட்டா என்ட்ரி வேலையே கிடையாது, ஆனா இன்டர்நெட் புழங்காதவங்களும் லிங்க் போய்ச் சேராதவங்களும் விட்டுப் போயிடுவாங்க. நேர்ல கேட்டா படிக்கத் தெரியாதவங்ககிட்டயும் கேக்கலாம், புரியலன்னா அங்கயே தெரிஞ்சிடும், பாதில விடறதும் கம்மி, ஆனா எதிர்ல ஒரு ஆள் உக்காந்திருக்கறதால நல்லவிதமா காட்டிக்கற பதில் கூடும். போன்ல கேக்கறது ரெண்டுக்கும் நடுவுல, ஆனா ஆப்ஷன் அஞ்சாறு இருந்தா காதால கேட்டு ஞாபகம் வச்சுக்கறது கஷ்டம், பெரும்பாலும் கடைசியா கேட்டதத்தான் சொல்வாங்க. பணம், குடும்பத்துக்குள்ள நடக்கற சண்டை, பரீட்சைல காப்பி அடிச்சது மாதிரி விஷயம்னா அவங்களே தனியா எழுதற வழிதான் சரி.

ஒரு பதில் எப்படி உருவாகுது

இத புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஒருத்தர்கிட்ட ஒரு கேள்வி கேட்டா அவர் மனசுக்குள்ள நாலு வேலை நடக்கணும். கேள்விய புரிஞ்சுக்கணும், சம்பந்தப்பட்டத ஞாபகத்துலேந்து எடுக்கணும், எடுத்தத வச்சு ஒரு முடிவுக்கு வரணும், அத நீங்க குடுத்த ஆப்ஷனுக்குள்ள பொருத்தணும், பொருத்தும்போதே இத வெளிய சொல்லலாமா வேண்டாமான்னும் யோசிக்கணும். சர்வே முறை பத்தி ஆராய்ச்சி பண்ணின ராஜர் டூராஞ்சோன்னு ஒரு உளவியல் அறிஞர் 1980கள்ல இப்படி பிரிச்சு காட்டினார், இன்னைக்கும் கேள்வி எழுதறவங்க இதத்தான் அடிப்படையா வச்சிருக்காங்க. இதுல எந்த இடத்துல கஷ்டம் வந்தாலும் ஆளு குறுக்கு வழி எடுப்பாங்க. எல்லாத்துக்கும் நடு ஆப்ஷன், எல்லாத்துக்கும் "ஆமா", இல்லன்னா வரிசையா ஒரே காலம்ல டிக். அவங்கள சோம்பேறின்னு நினைக்க வேண்டாம், உங்களுக்காக இலவசமா பண்ற வேலைய நீங்க கஷ்டமாக்கிட்டீங்க, அவ்வளவுதான்.

ஒரு வார்த்தை எவ்வளவு இழுக்கும்னு இத பாருங்க. 1974ல எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 45 மாணவர்களுக்கு கார் விபத்து வீடியோக்கள போட்டுக் காட்டி கார் என்ன வேகத்துல போச்சுன்னு கேட்டாங்க. ஒரு குழுகிட்ட கார்கள் "மோதி நொறுங்கினப்ப" என்ன வேகம்னு கேட்டாங்க, இன்னொரு குழுகிட்ட "ஒண்ணையொண்ணு தொட்டப்ப"ன்னு கேட்டாங்க. முதல் குழு சொன்னதோட சராசரி மணிக்கு 40.5 மைல், ரெண்டாவது குழு 31.8 மைல். பாத்தது ஒரே வீடியோ. அதே ஆய்வோட அடுத்த பகுதியில வேற 150 பேர், ஒரு வாரம் கழிச்சு உடைஞ்ச கண்ணாடி பாத்தீங்களான்னு கேட்டா "நொறுங்கின"ன்னு கேக்கப்பட்ட 50 பேர்ல 16 பேர் பாத்தோம்னாங்க, வீடியோல உடைஞ்ச கண்ணாடியே இல்ல. சாதாரணமா "இடிச்சப்ப"ன்னு கேட்ட 50 பேர்ல 7 பேர்தான் அப்படி சொன்னாங்க. அதாவது நீங்க போடற வினைச்சொல் பதில மட்டுமில்லாம ஞாபகத்தையே மாத்திடுது.

இன்னொண்ணு 1941ல வெளியான கணக்கு, அமெரிக்காவுல எடுத்தது. ஜனநாயகத்துக்கு எதிரா பொதுவுல பேசறத "அனுமதிக்கணுமா"ன்னு கேட்டப்ப 62 சதவீதம் பேர் அனுமதிக்கக் கூடாதுன்னாங்க. அதையே "தடை செய்யணுமா"ன்னு கேட்டப்ப 46 சதவீதம்தான் தடை செய்யணும்னாங்க. யோசிச்சுப் பாத்தா ரெண்டும் ஒரே விஷயம், ஆனா தடைங்கற வார்த்தை கொஞ்சம் கடுமையா இருக்கறதால ஆளுங்க தயங்கறாங்க.

தமிழ்ல கேள்வி எழுதறப்ப நமக்குன்னு சில சிக்கல் இருக்கு, இத பத்தி யாரும் அதிகமா பேசறதில்லங்கறது எனக்கு ஆதங்கம். முதல்ல எதிர்மறைக் கேள்வி. "நீங்க காலையில சாப்பிடறதில்லயா?"ன்னு கேட்டா ஒருத்தர் "ஆமா"ன்னு சொன்னா சாப்பிடறதில்லன்னு அர்த்தம், இன்னொருத்தர் "ஆமா, சாப்பிடுவேன்"ங்கற அர்த்தத்துல சொல்வார், ஃபார்ம்ல ஆமா டிக் மட்டும் இருக்கும், எதுன்னு பிரிக்கவே முடியாது. அதனால எதிர்மறைக் கேள்வியே வேண்டாம். ரெண்டாவது, "தானே", "இல்லயா", "கூட", "மட்டும்" இந்த மாதிரி ஒட்டு. "தினமும் படிக்கறீங்கதானே"ன்னு கேட்டா இல்லன்னு சொல்ல யாருக்கும் வாய் வராது. "ஒரு தடவ கூட லைப்ரரி போனதில்லயா"ங்கறதுல அந்த "கூட"வே குற்றம் சாட்டுது. மூணாவதுதான் பெரிய பிரச்சனை, இங்கிலீஷ் கேள்வித்தாள அப்படியே மொழிபெயர்த்து "தங்களது உறக்கத்தின் தரத்தினை எவ்வாறு மதிப்பிடுவீர்கள்"னு வைக்கறது. வாசிக்கறவங்க ரெண்டு தடவ வாசிச்சுட்டு மூணாவதா ஒண்ண டிக் பண்ணிடுவாங்க. "போன வாரம் ராத்திரி நல்லா தூங்கினீங்களா, சரியா தூங்கலயா"ன்னு பேசற மாதிரி எழுதுங்க, மரியாதைக்கு "நீங்க" போதும். மொழிபெயர்த்தே ஆகணும்னா ஒருத்தர் தமிழாக்கம் பண்ணினத, மூலத்த பாக்காத இன்னொருத்தர திரும்ப மூல மொழிக்கு மாத்தச் சொல்லி ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க, எங்க அர்த்தம் நழுவிச்சுன்னு அப்படியே தெரியும்.

ஒரு கேள்வியில ரெண்டு விஷயம் போடாதீங்க, "ஆசிரியர் தெளிவாவும் அன்பாவும் நடத்தறாரா"ன்னா தெளிவு இருக்கு அன்பு இல்லன்னு நினைக்கறவர் எங்க டிக் பண்ணுவார்? கேள்விக்கு நடுவுல "உம்", "மற்றும்", "அல்லது" வந்தா நின்னு பாருங்க. அப்பறம் "அடிக்கடி", "எப்பவாவது", "நிறைய" இதெல்லாம் ஆளுக்கு ஆள் வேற. உடற்பயிற்சி அடிக்கடி பண்றேன்னு சொல்றவர் வாரம் ஒரு நாள் பண்றவராவும் இருக்கலாம், தினமும் பண்றவராவும் இருக்கலாம். போன ஏழு நாள்ல எத்தன நாள்னு கேட்டா நம்பர் வரும். சராசரியா எத்தன மணி நேரம் தூங்குவீங்கன்னு கேட்டா பெரும்பாலானவங்க ஏழு எட்டுன்னு தோணினத சொல்லிடுவாங்க, அதுக்கு பதிலா நேத்து ராத்திரி எத்தன மணிக்கு லைட்ட அணைச்சீங்க, காலையில எத்தன மணிக்கு எழுந்தீங்கன்னு கேளுங்க, கழிச்சு கணக்கு போடறத நீங்க பாத்துக்கங்க.

காலக்கெடுவ நீட்டாதீங்க. போன ஒரு வருஷத்துல எத்தன தடவ டாக்டர பாத்தீங்கன்னு கேட்டா சின்ன சின்னதெல்லாம் மறந்திருக்கும், பெரிய சம்பவம் ஒண்ணு ரெண்டு வருஷம் முன்னாடி நடந்திருந்தாலும் போன வருஷம் மாதிரியே தோணும், அதையும் உள்ள இழுத்துப் போட்டுடுவாங்க. மாசப் பேரு மாதிரி, பண்டிகை மாதிரி, பரீட்சை மாதிரி ஒரு அடையாளம் குடுத்து "அதுக்கப்பறம்"னு கேட்டா இது கொஞ்சம் குறையும்.

ஆப்ஷன்களும் வரிசையும்

வயசு 18 - 25, 25 - 35ன்னு போட்டா 25 வயசுக்காரர் எங்க போவார்? இந்தத் தப்ப இன்னமும் வாராவாரம் பாக்கறேன். ஆப்ஷன்கள் ஒண்ணுமேல ஒண்ணு ஏறக் கூடாது, யாரையும் வெளிய விடவும் கூடாது. இன்னும் நல்லது வயச நேரா நம்பரா எழுதச் சொல்றது, குழுவா பிரிக்கறத நீங்க அப்பறம் பண்ணிக்கலாம், குழுவா வாங்கினத நம்பரா மாத்த முடியாது. "தெரியாது"ங்கறதும் "எனக்குப் பொருந்தாது"ங்கறதும் "நடுநிலை"ங்கறதும் மூணு தனித்தனி பதில், ஒண்ணா குழப்பிக்காதீங்க.

முழுசா ஒத்துக்கறேன் தொடங்கி ஒத்துக்கவே மாட்டேன் வரைக்கும் அஞ்சு படி வைக்கற முறை ரென்சிஸ் லைக்கர்ட் 1932ல கொண்டு வந்தது. அதுல ஒரு விஷயத்த அடிக்கடி மறந்துடறாங்க, அவர் சொன்னது ஒரே மனப்பான்மைய பத்தி பல வாக்கியம் குடுத்து எல்லா பதிலையும் கூட்டி ஒரு மதிப்பெண்ணா எடுக்கறது. ஒரே ஒரு வாக்கியத்துக்கு அஞ்சு படி வச்சுட்டு அத லைக்கர்ட் ஸ்கேல்னு ரிப்போர்ட்ல எழுதினா தெரிஞ்சவங்க கேள்வி கேப்பாங்க. பல வாக்கியம் வச்சிருந்தா அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகுதான்னு பாக்க கிரான்பாக் ஆல்ஃபாங்கற ஒரு அளவ கணக்கு போடுவாங்க, 0.7க்கு மேல இருந்தா பரவாயில்லங்கறது புழக்கத்துல இருக்கற வழக்கம், ஆனா ஒரே வாக்கியத்த நாலு விதமா திருப்பிப் போட்டாலும் ஆல்ஃபா ஏறும், அதனால அந்த நம்பர மட்டும் பாத்து சந்தோஷப்பட வேண்டாம். என்னோட விருப்பம் என்னன்னா, முடிஞ்ச இடத்துல ஒத்துக்கறேன் ஒத்துக்கல வடிவத்தையே விட்டுட்டு நேரா கேக்கறது. "வகுப்பு பயனுள்ளதா இருந்துச்சு, ஒத்துக்கறீங்களா"ங்கறதுக்கு பதில் "வகுப்பு எவ்வளவு பயன்பட்டுச்சு: ரொம்ப, ஓரளவு, கொஞ்சம், இல்லவே இல்ல". எதுக்கும் ஆமா போடற பழக்கம் நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு, அதுக்கு இடம் குடுக்காம இருக்கறது நல்லது.

முன்னாடி கேட்ட கேள்வி பின்னாடி வர்ற பதில இழுக்கும். 1948ல அமெரிக்காவுல ஒரு சோதனை, கம்யூனிஸ்ட் நாட்டு பத்திரிகையாளர்கள அமெரிக்காவுக்குள்ள விட்டு செய்தி சேகரிக்க விடலாமான்னு முதல்ல கேட்டப்ப 36 சதவீதம் பேர் விடலாம்னாங்க. ரஷ்யா அமெரிக்கப் பத்திரிகையாளர்கள விடணுமான்னு முதல்ல கேட்டுட்டு அப்பறம் இத கேட்டப்ப 73 சதவீதம். நம்ம ஆள அங்க விடணும்னு சொன்ன வாயால அவங்க ஆள விடக் கூடாதுன்னு சொல்ல முடியல. அதனால பொதுவான கேள்விய முன்னாடியும் குறிப்பான கேள்விகள பின்னாடியும் வைங்க, சுலபமானதும் தலைப்போட சம்பந்தப்பட்டதுமான ஒண்ணுல தொடங்குங்க, வருமானம் மாதிரி சங்கடமானத கடைசிப் பக்கத்துக்கு தள்ளுங்க. பேரு ஊரு வயசுன்னு முதல் பக்கம் முழுக்க விவரம் கேக்கற ஃபார்ம பாத்தா எனக்கே மூடிடத் தோணும்.

நீளம் பத்தி நான் சொல்றது ஒண்ணுதான், பத்து நிமிஷத்துல முடியற மாதிரி வைங்க, எவ்வளவு நேரம் ஆகும்னு மேலயே உண்மையா எழுதுங்க. அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டு இருபது நிமிஷம் இழுத்தா கடைசிப் பத்து கேள்விக்கு வர்ற பதில நம்பாதீங்க.

அனுப்பறதுக்கு முன்னாடி

நீங்க யார்கிட்ட கேக்கப் போறீங்களோ அதே மாதிரி ஆள் அஞ்சாறு பேர பிடிச்சு ஒவ்வொருத்தரா பக்கத்துல உக்கார வச்சு ஃபார்ம நிரப்பச் சொல்லுங்க, நிரப்பும்போது மனசுல ஓடறத வாய்விட்டு சொல்லச் சொல்லுங்க. "இந்தக் கேள்விய உங்க வார்த்தையில சொல்லுங்க", "ரெண்டு மணி நேரம்னு எப்படி கணக்கு போட்டீங்க", "அந்த ஆப்ஷன ஏன் எடுத்தீங்க" இவ்வளவுதான் கேக்கணும். எங்க தயங்கறாங்க, எங்க திரும்ப வாசிக்கறாங்கன்னு பாத்து குறிச்சுக்கங்க. கூட படிக்கற நண்பர்கள வச்சு இத பண்ணினா பலன் இல்ல, அவங்களுக்கு உங்க தலைப்பு ஏற்கெனவே தெரியும். இது முடிஞ்சு திருத்தினப்பறம் ஒரு முப்பது பேருக்கு நிஜமா அனுப்பிப் பாருங்க, எந்தக் கேள்விய நிறைய பேர் விடறாங்க, எதுக்கு எல்லாரும் ஒரே பதில் சொல்றாங்க, எந்தப் பக்கத்துல வெளியேறறாங்கன்னு தெரியும். இந்த முப்பத கடைசி டேட்டாவோட சேக்காதீங்க. எனக்கு அந்த 240 ஃபார்ம் வீணாகாம இருந்திருக்கணும்னா அஞ்சு பேரோட ஒரு மத்தியானம் உக்காந்திருந்தா போதுமா இருந்துச்சு.

யார்கிட்ட கேக்கறது, எத்தன பேர்கிட்ட? இதுல எல்லாரும் எத்தன பேருங்கறதுலயே நிக்கறாங்க, யாருங்கறத விட்டுடறாங்க. 1936 அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் அப்போ லிட்டரரி டைஜஸ்ட்ங்கற பத்திரிகை கிட்டத்தட்ட ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி கார்டு அனுப்பிச்சு, 20 லட்சத்துக்கும் மேல திரும்பி வந்துச்சு, ரூஸ்வெல்ட்ட எதிர்த்து நின்ன ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார்னு அடிச்சு சொன்னாங்க. ஜெயிச்சது ரூஸ்வெல்ட், 48 மாநிலத்துல 46 அவருக்கு. டெலிபோன் டைரக்டரியும் கார் வச்சிருக்கறவங்க பட்டியலும் பாத்துத்தான் நிறைய அட்ரஸ் எடுத்திருந்தாங்க, பொருளாதாரம் படுத்துக் கிடந்த அந்த நேரத்துல அது ரெண்டும் வசதியானவங்க கிட்டதான் இருந்துச்சு, போதாததுக்கு கார்ட திருப்பி அனுப்பினவங்க அனுப்பாதவங்க மாதிரியே யோசிக்கறவங்களாவும் இல்ல. அதே தேர்தல்ல கருத்துக் கணிப்பு எடுக்கற ஜார்ஜ் காலப் ரொம்பக் குறைவான ஆட்கள வச்சு ரூஸ்வெல்ட்னு சரியா சொன்னார்.

எல்லாரும் சொல்ற 384ங்கற நம்பர் எங்கேந்து வருதுன்னா, மக்கள்தொகை ரொம்பப் பெருசு, 95 சதவீத நம்பகத்தன்மை (இதே மாதிரி நூறு தடவ எடுத்தா ஏறக்குறைய 95 தடவ கணக்கு சொன்ன பிழைக்குள்ள நிக்கும்), உண்மையான அளவுக்கு மேலயோ கீழயோ 5 சதவீதம் வரைக்கும் பிழை, பட்டியல்லேந்து குலுக்கல் முறையில எடுத்த ஆட்கள், இதெல்லாம் இருந்தா 384. பிழைய 3 சதவீதமா குறைக்கணும்னா 1,067 வேணும். மொத்தமே 1,000 பேர்னா 278 போதும். ஆனா வாட்ஸ்அப் குரூப்ல லிங்க் போட்டு வந்த 384க்கு இந்தக் கணக்கு செல்லாது, ஏன்னா குலுக்கலே நடக்கல. குலுக்காம கைக்குக் கிடைச்ச ஆட்கள வசதிக்கு எடுத்த சாம்பிள்னா அத அப்படியே ரிப்போர்ட்ல எழுதிடுங்க, "எல்லா மாணவர்களும்"னு முடிவு சொல்லாதீங்க. அதுல ஒண்ணும் அவமானம் கிடையாது.

நேர்காணல்

இதுலயும் ரெண்டு வகை இருக்கு. கேள்வித்தாள நேர்ல வாசிச்சு பதில் வாங்கறது ஒண்ணு. அதுல எழுதியிருக்கறத ஒரு வார்த்தை மாத்தாம எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி வாசிக்கணும். புரியலன்னு சொன்னா திரும்ப வாசிங்க, "அதாவது இப்படி"ன்னு உங்க உதாரணம் குடுத்தீங்கன்னா அந்த உதாரணத்துக்குத்தான் பதில் வரும். அஞ்சு பேர் சேந்து ஃபீல்டு போறீங்கன்னா ஒரு நாள் எல்லாரும் உக்காந்து ஒருத்தர ஒருத்தர் பேட்டி எடுத்து பழகிக்கங்க, இல்லன்னா பதில்ல தெரியற வித்தியாசம் ஆளோடதா, கேட்டவரோடதான்னு தெரியாமப் போயிடும்.

இன்னொண்ணு கேள்வி முழுசா எழுதி வைக்காம எட்டு பத்து தலைப்பு மட்டும் கையில வச்சுக்கிட்டு பேசறது. எனக்கு ரொம்பப் பிடிச்சது இது, கத்துக்க ரொம்ப நாள் ஆகறதும் இதுதான். தொடக்கக் கேள்வி கதையா வரக்கூடியதா இருக்கணும். "போன் உங்க தூக்கத்த பாதிக்குதா"ன்னு கேட்டா ஆமா, இல்ல, முடிஞ்சது. "நேத்து ராத்திரி சாப்பிட்டு முடிச்சதுலேந்து தூங்கற வரைக்கும் என்னென்ன நடந்துச்சு, வரிசையா சொல்லுங்களேன்"னு கேட்டுப் பாருங்க, போன் தானா உள்ள வரும், எந்த நேரத்துல வருது, யாருக்காக வருதுன்னும் சேத்து வரும். பதில் முடிஞ்ச மாதிரி தோணினப்பறம் ஒரு அஞ்சு செகண்ட் பேசாம இருங்க. ரொம்ப கஷ்டமா இருக்கும், வாய் துடிக்கும், இருங்க. முக்கியமான விஷயம் பல தடவ அந்த மௌனத்துக்கு அப்பறம்தான் வந்திருக்கு.

தோண்டறதுக்கு அவங்க வார்த்தையையே எடுங்க. "ஒரு மாதிரி இருக்கும்னு சொன்னீங்களே, அந்த ஒரு மாதிரிய கொஞ்சம் சொல்லுங்க." "அப்பறம்?" "ஒரு நாள் நடந்தத சொல்ல முடியுமா?" ஏன்னு நேரா கேக்கறது தமிழ்ல கண்டிக்கற மாதிரி விழும், "ஏன் லேட்டா தூங்கறீங்க"ன்னா அம்மா கேக்கற மாதிரிதான் இருக்கும், உடனே காரணம் சொல்லி தப்பிக்கப் பாப்பாங்க, "எதனால அப்படி ஆகுது"ன்னு கேட்டா அந்த முள் இருக்காது. சூப்பர், கரெக்ட், அச்சச்சோன்னு தீர்ப்பு சொல்லாதீங்க, தலையாட்டி கேட்டுக்கிட்டா போதும், ஏன்னா எத சொன்னா உங்களுக்குப் பிடிக்குதுன்னு அவங்க ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாங்க. வயசுல பெரியவங்களோ சின்னவங்களோ "நீங்க"ன்னே பேசுங்க. அண்ணான்னோ அக்கான்னோ அவங்களா கூப்பிட ஆரம்பிச்சா அப்படியே போங்க. பக்கத்துல வீட்டு ஆள், மேலதிகாரி, ஆசிரியர் யாராவது இருந்தா உண்மை வராது, கேள்விக்கு அவங்களே கூட பதில் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க, அதனால தனியா பேசற இடத்த முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிடுங்க.

ரெக்கார்டு பண்றதா இருந்தா கேட்டுட்டு பண்ணுங்க, சம்மதம் சொன்னதும் ரெக்கார்டுல வரட்டும். பேட்டி முடிஞ்ச அன்னைக்கு ராத்திரிக்குள்ளயே குறிப்பு எழுதிடுங்க, முகம் எங்க மாறுச்சு, ரெக்கார்டர நிறுத்தினப்பறம் என்ன சொன்னாங்க, இதெல்லாம் ரெண்டு நாள்ல மறந்துடும். ஒரு மணி நேரப் பேச்ச எழுத்தாக்க குறைஞ்சது நாலு மணி நேரம் ஒதுக்குங்க, இத கணக்குல எடுக்காம முப்பது பேட்டி எடுத்துட்டு எழுத்தாக்க முடியாம நிக்கறவங்க நிறைய. எத்தன பேட்டி வேணும்னா, புதுசா எதுவும் வராத வரைக்கும். 2006ல கெஸ்ட், பன்ஸ், ஜான்சன்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் 60 பேட்டிய வரிசையா எடுத்து ஆராய்ஞ்சு பாத்ததுல முதல் பன்னெண்டுலயே பெரும்பாலான கருத்துகள் வந்துடுச்சுன்னு கண்டாங்க. ஆனா அது ஓரளவு ஒரே மாதிரியான ஆட்கள்கிட்ட கேட்டது, உங்க ஆட்கள் பல தரப்புன்னா ஒவ்வொரு தரப்புக்கும் தனியா எண்ணணும்.

சம்மதத்த பத்தி இங்கயே சொல்லிடறேன். யார் பண்றது, எதுக்கு, எவ்வளவு நேரம், யார் பாப்பாங்க, பாதியில நிறுத்தலாம், பிடிக்காத கேள்விய விடலாம், இத்தனையும் முதல்ல சொல்லணும். பேரே வாங்காம இருக்கறது வேற, வாங்கிட்டு வெளிய சொல்லாம இருக்கறது வேற. ஈமெயில் தானா பதிவாகற ஃபார்ம வச்சுக்கிட்டு "உங்க பேர் யாருக்கும் தெரியாது"ன்னு எழுதறது பொய் வாக்கு, அந்த செட்டிங்க பாத்து அணைங்க. 18 வயசுக்குக் கீழன்னா பெற்றோர் சம்மதமும் அந்தப் பிள்ளையோட சம்மதமும் ரெண்டும் வாங்குங்க. ரொம்ப சங்கடமான ஆமா இல்ல கேள்விக்கு ஒரு அழகான வழி இருக்கு, ஸ்டான்லி வார்னர்ங்கறவர் 1965ல தொடங்கி வச்ச முறையோட எளிய வடிவம். பதில் சொல்றவர் நமக்குக் காட்டாம ஒரு காசு சுண்டுவார், தலை விழுந்தா எதுவானாலும் ஆமான்னு சொல்லணும், பூ விழுந்தா உண்மைய சொல்லணும். ஆமான்னு சொன்ன தனி ஆள் எதனால சொன்னார்னு யாருக்கும் தெரியாது. ஆனா 200 பேர்ல 130 ஆமா வந்தா 100 காசால வந்ததுன்னு கழிச்சா மிச்ச 100 பேர்ல 30, அதாவது ஏறக்குறைய 30 சதவீதம்னு நமக்குத் தெரிஞ்சிடும்.

இன்னொரு எச்சரிக்கை, சொல்றதும் செய்யறதும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்ல. 1930கள் தொடக்கத்துல ரிச்சர்ட் லாபியர்னு ஒரு சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோட அமெரிக்கா முழுக்க பயணம் பண்ணினார், அங்க சீனர்கள் மேல வெறுப்பு அதிகமா இருந்த காலம். 251 ஹோட்டல், சாப்பாட்டுக் கடைல ஒரே ஒரு இடத்துலதான் அவங்கள உள்ள விடல. ஆறு மாசம் கழிச்சு அதே இடங்களுக்கு சீனர்கள வாடிக்கையாளரா ஏத்துப்பீங்களான்னு கேள்வித்தாள் அனுப்பினார், பதில் போட்ட 128 இடத்துல 90 சதவீதத்துக்கும் மேல மாட்டோம்னு எழுதினாங்க. அதனால "செய்வீங்களா"ன்னு கேட்டு வந்த பதில "செய்யறாங்க"ன்னு ரிப்போர்ட்ல எழுதாதீங்க. கடைசியா எப்ப செஞ்சீங்கன்னு கேக்க முடிஞ்சா அத கேளுங்க.

டேட்டா வந்தப்பறம் பண்ண வேண்டியது சின்ன சின்ன வேலைதான். ஒவ்வொரு ஃபார்முக்கும் ஒரு நம்பர் போடுங்க, எந்தப் பதிலுக்கு என்ன எண்ணுன்னு ஒரு தாள்ல எழுதி வச்சுட்டு அப்பறம் எக்ஸெல் திறங்க. பதில் சொல்லாத இடத்துல சைபர் போடாதீங்க, சைபர் ஒரு பதில், காலி வேற. விட்டுப் போனதுக்கு 99ன்னு குறிச்சுட்டு அத எடுக்காம சராசரி போட்டா வயசு எங்கயோ போய் நிக்கும். மத்த வாக்கியங்களுக்கு நேர்மாறான கருத்த சொல்ற மாதிரி எழுதின வாக்கியங்களுக்கு ("வகுப்பு போரடிச்சுச்சு" மாதிரி) 1ஐ 5ஆவும் 5ஐ 1ஆவும் திருப்பறத ஆல்ஃபா போடறதுக்கு முன்னாடி பண்ணுங்க. முதல் டேட்டாவ தொடாம ஒரு காப்பி தனியா வச்சுட்டு மத்ததுல வேலை பாருங்க, பேரும் போன் நம்பரும் இருக்கற பட்டியல் பதில்களோட ஒரே ஃபைல்ல இருக்கக் கூடாது.

ரிப்போர்ட்ல கேள்விகள சுருக்காம கேட்ட வார்த்தையிலயே பின்னிணைப்பா சேருங்க, எந்த வழியா கேட்டீங்க, எந்தத் தேதியிலேந்து எந்தத் தேதி வரைக்கும், எத்தன பேர அணுகினீங்க, எத்தன பேர் பதில் சொன்னாங்கன்னும் வரணும். நாப்பது கேள்விக்கும் ஒரே காலம்ல டிக் பண்ணினது, பத்து நிமிஷ ஃபார்ம ஒரு நிமிஷத்துல முடிச்சதுன்னு சில பதில நீக்க வேண்டி வரும், அப்படி நீக்கினது எத்தன, எந்த விதிய வச்சு நீக்கினீங்கன்னும் அதே பத்தியில எழுதிடுங்க. அந்த விதிய பதில்கள பாக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி வச்சுக்கங்க.